அடுத்த விமானத்தில் வந்த தாய்மாமன்

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவன் எவனும் ஒரு விஷயத்தில் ஏமாற மாட்டான். பஸ் பிதுங்கி வழியும்போது, பின்னாலேயே காலி வண்டி வருகிறது, இறங்கிக்கொள் என்று கண்டக்டர் சொன்னால் ஒருத்தரும் அசைய மாட்டோம். படிக்கட்டில் ஒற்றைக் கால் தொங்கினாலும் அதே வண்டிதான். நானும் அப்படித்தான் இருந்தேன். கண்டக்டர் டை கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்றுதான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, பெங்களூரில் ஓட்டல் என்று சுற்றி முடித்து, துபாயில் சிமெண்டு கலக்கிக்கொண்டிருந்தேன். வடக்கனந்தலில் கட்டிக்கொடுத்த அக்காவின் மகள் செல்விக்கு அப்போது காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எனக்கு லீவு கிடைக்காமல் ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்தது. "இவ தம்பி வர்றதுக்குள்ள பொண்ணு வயசுக்கு வந்துடும்" என்று அக்காவின் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை என் தம்பி வராமல் போனால் என்னை ஏன் என்று கேளுங்கள் என்று அக்கா பந்தயம் மாதிரி சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். பம்பாயில் இறங்கி, மெட்ராஸ் விமானத்துக்கு மாற வேண்டும். அங்கே டை கட்டிய தமிழர் ஒருவர் வந்து, இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டோம் என்றார். (எங்கள் ஊர் கண்டக்டர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.) யாராவது ஒருவர் இடத்தை விட்டுக்கொடுத்தால் இரவு பெரிய ஓட்டலில் ரூம், சாப்பாடு, காலையில் முதல் விமானம். எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையிலிருந்து வந்தவன் நான். தனி ரூம் என்றதும் கை தானாக மேலே போய்விட்டது. ஒரு அம்மா இங்கிலீஷில் என்னைப் பாராட்டினார். மகாத்மா மாதிரி சிரித்து வைத்தேன்.

ஓட்டல் மெத்தையில் படுத்தால் ஆள் புதைந்துபோகிறான். தரையில் துண்டு விரித்துத் தூங்கினேன்.

மறுநாள் மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் தெற்கே போக ஒரு வண்டி இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடு நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள் என்றார்கள். கடைசி பஸ் எப்போது போனது என்று கேட்டேன். நேற்று ராத்திரி என்றார் ஒரு டிரைவர். அதாவது, நான் பம்பாயில் மகாத்மாவாக இல்லாமல் இருந்திருந்தால் ஏறியிருக்க வேண்டிய பஸ்.

ராத்திரி ரயிலில் ஏறி விடியற்காலையில் சேலம் போய் இறங்கினேன். ஆத்தூர் ரோடும் அடைபட்டிருந்தது. விசாரித்து விசாரித்து கருமந்துறை வரைக்கும் ஒரு வண்டி பிடித்தேன். அக்கா ஊர் மலைக்கு அந்தப் பக்கம், அதற்கப்புறம் கல்வராயன் மலையைக் காலால்தான் தாண்ட வேண்டும். சஃபாரி சூட்டு, புது ஷூ, தலையில் சூட்கேஸ், தோளில் டேப்ரிகார்டர். அன்றைக்குத்தான் காதுகுத்து. அக்கா எப்படியும் சாயங்காலம் வரை நல்ல நேரத்தை இழுத்துப் பிடிப்பாள் என்று நம்பிக்கொண்டே நடந்தேன். வெள்ளிமலையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அதையும் தூர எறிந்தேன்.

மலை இறங்கி வந்தால் கச்சிராயபாளையத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் மறியல் ஆட்கள். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார்கள். சொல்லியிருக்கக் கூடாது, முழுக்கதையையும் சொல்லிவிட்டேன்.

"நாங்கல்லாம் ஒரு எடம் கெடைக்காதான்னு ரோட்டுல குந்திக்கினுகீறோம்" என்றார் அவர்களில் மூத்தவர். "நீ இன்னாடான்னா கெடைச்ச எடத்த குடுத்துட்டு வந்து நிக்கிற."

அவர்கள்தான் தண்ணீர் கொடுத்து, சூட்கேஸை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. பந்தலில் செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு காதிலும் கம்மல். வாசலில் கள்ளக்குறிச்சி துணிக்கடை கரீம் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் குழந்தையின் கண்ணீரும் மூக்குச் சளியும். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

"கோச்சுக்காதீங்க தம்பி" என்றார். "தங்கச்சி குந்துன்னுச்சி, குந்திட்டேன்."

அக்கா என் கிழிந்த காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "நேரம் போய்க்கினே இருந்துச்சி. ஆசாரி கெளம்பறேன்னுட்டாரு. வெட்டிப்போட்ட மரத்து மேலல்லாம் சைக்கிளத் தூக்கிக்கினு, பாவாடை குடுக்க இவரு வந்தாரு. அண்ணன்னுதான கூப்புடறேன், அந்த மொறையில குந்தவெச்சேன்."

மறியல், மரம், மலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விமானத்தையும் சொன்னேன்.

"அவங்க எறக்கி வுட்டாங்களா, நீயா எறங்கினியா?"

"நானாத்தான்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவர் அவள் மாமியார் மட்டும்தான். எனக்குச் சோறு போட்டதும் அவர்தான். இரண்டாவது முறை கேட்டுக் கேட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகு செல்விக்குப் பாய்தான் மாமா. நான் 'துபாய் மாமா'. துபாயை விட்டு வந்து எத்தனையோ ஊர் சுற்றியும் பெயர் மாறவில்லை. அவள் கல்யாணத்துக்கு, அக்கா போனில் சொன்ன நாளில், குளித்து வேட்டி கட்டி மண்டபத்துக்குப் போய் நின்றேன். வாசல் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பீடியைப் பற்றவைத்தான். போன் போட்டேன். கல்யாணப் பெண்ணே எடுத்தாள்.

"நாளைக்குத்தான் மாமா. உங்களுக்கு மட்டும் ஒருநாள் முன்னாடி சொல்லணும்னு அம்மா சொல்லி வெச்சிருக்காங்க."

பாய்க்கும் இப்படித்தான் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவருக்கு எந்தத் தேதி தோதுப்படும்னு கேட்டுட்டுத்தான் மாமா முகூர்த்தமே வெச்சோம்" என்றாள்.