கைராசிக் கிளிக்

“இன்னைக்கும் மூணாம் பக்கந்தானா?”

சிம்மக்கல் பிரவுசிங் சென்டரில் நின்று கம்ப்யூட்டரை முறைத்தார் வெங்கடேஷ்பாபு. நெட்டில் ‘மதுரை சுங்குடி’ என்று தேடினால், அவருடைய சேலைக்கடை மூன்றாம் பக்கத்தில் முழித்துக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு மொத்தமாகச் சேலை எடுக்க சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வருகிறார். நெட்டில் பார்த்துத்தான் கடையை முடிவு செய்வாராம். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

“கவலைப்படாதீங்கண்ணே. வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல சுங்குடி, சுங்குடின்னு ஆயிரம் தடவ போட்டுருவோம். ஆளுக கண்ணுக்குத் தெரியாது. நெட்டுக்கு மட்டும் தெரியும்” என்றான் சென்டர் நடத்தும் சிவபாண்டி.

கடைக்குத் திரும்பி இந்த ராஜதந்திரத்தை மனைவியிடம் சொன்னார். அலர்மேல்மங்கை சேலை மடித்தபடியே கேட்டாள்: “அதுக்குப் பதிலா, சாயம் போகாம எப்படித் துவைக்கணும்னு எழுதலாமே? வாரவுக எல்லாம் அதத்தான கேக்குறாக?”

“நெட்டு என்ன சலவைக்கடையா? வேலையப் பாரு!”

வெங்கடேஷ்பாபு கடையில் தமிழ் பேசுவார், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அன்று சேர்ந்து வந்தது.

வெள்ளை எழுத்து போட்ட சில நாட்களில் கடை மூன்றாம் பக்கத்தில் இல்லை. முப்பதாம் பக்கம் வரை தேடியும் இல்லை.

“திருட்டு வேலைன்னு கண்டுபிடிச்சுட்டாய்ங்க போலண்ணே” என்று தலையைச் சொறிந்தான் சிவபாண்டி.

அன்றைக்குத்தான் அவருக்குப் போணி ஞாபகம் வந்தது. காலையில் முதல் சேலையை அலர்மேல்மங்கை கையால் விற்றால் அன்று முழுக்க வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். கடைக்குப் பலிக்கிற கைராசி நெட்டுக்குப் பலிக்காதா?

“நாளையிலேர்ந்து தினமும் சென்டருக்குப் போயி நம்ம பக்கத்துல முதல் கிளிக்கை நீதான் பண்ணணும்.”

அவளும் மறுக்காமல் தினமும் போனாள்.

“ஒரு கிளிக்குக்கு ரெண்டு மணி நேரமா?”

“நெட்டு ஸ்லோங்க.”

ஆடி போய் ஆவணி வந்தது. கைராசி வேலை செய்ததா என்று பார்க்கப் போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பக்கத்தில் முதல் ஆளாக, ‘புள்ளிமுடிச்சு’ என்று புதிதாக ஒரு சுங்குடிப் பக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

“எவன்டா இவன்?”

சிவபாண்டி ஒருமுறை இருமினான். “திறந்து பாத்தா தெரிஞ்சுரும்ணே.”

“தொடாத! நாம திறந்தா அவனுக்கு ஒரு ஓட்டு விழுந்துரும்!”

அதோடு விட்டாரா? உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் இலை இலையாகக் குனிந்து, “நெட்டுல புள்ளிமுடிச்சுன்னு ஒண்ணு இருக்கு. யாரும் திறந்துறாதீங்க” என்று கெஞ்சினார். அதுவரை அந்தப் பேரையே கேள்விப்படாத சனம், அப்படி என்னதான் இருக்கிறது என்று கையைக் கழுவிய சூட்டோடு போய்த் திறந்து பார்த்தது. நல்லா இருக்கே என்று அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்தது.

அவர் மட்டும் திறக்கவில்லை. மனுஷனுக்கு ரோஷம் இருக்காதா?

சிங்கப்பூர்க்காரர் மதுரைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று வெங்கடேஷ்பாபுவுக்குச் சோறு இறங்கவில்லை. புள்ளிமுடிச்சுக்காரன் இந்நேரம் அவரை அமுக்கியிருப்பான் என்று புலம்பிக்கொண்டே கல்லாவில் சாய்ந்திருந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. கையில் ஒரு தாளோடு இறங்கியவர் கடையின் போர்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“சிங்கப்பூரா சார்?” வெங்கடேஷ்பாபு கல்லாவை விட்டு எழுந்தார்.

“ஆமாங்க.”

“நெட்டுல பாத்தா வாறீங்க?”

“ஆமா. தேடினதுமே முதல்ல வந்துச்சு.”

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “பாத்தியா மங்கை! எல்லாம் உன் கைராசி!”

அலர்மேல்மங்கை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

வந்தவர் தாளை நீட்டினார். “துவைக்கிற பக்குவம்கூட அருமையா எழுதியிருந்தாங்க சார். புள்ளிமுடிச்சு ஓனர் அலர்மேல்மங்கை மேடம் இவங்கதானே?”