போர்முனையில் ஒரு மணி நேரம்

மூன்று போர்களையும் இரண்டு பெரும் புயல்களையும் நெஞ்சு நிமிர்த்தித் தாங்கிய கப்பல் அது. அதற்கெல்லாம் அசையாத அது, கடைசிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளைத் தாங்க முடியாமல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

துறைமுகச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி, அருங்காட்சியகம் என்று பெயர் வைத்து முப்பது வருடம் ஆகிறது. பெரிய பீரங்கியின் வாயில் துடைப்பங்கள் செருகியிருந்தன. காலையிலிருந்து விடாத தூறல். பதினொரு மணிக்கு 'போர்முனையில் ஒரு மணி நேரம்' நிகழ்ச்சி. பத்து ஐம்பத்தைந்து வரைக்கும் வந்திருந்தது ஒரே ஒரு ஆள்.

நிகழ்ச்சி அலுவலர் மேல்தளத்திலிருந்து அந்த ஆளைப் பார்த்தார். ஊழியர்கள் இவரை முதுகுக்குப் பின்னால் 'கேப்டன்' என்பார்கள். கேப்டன் கடலுக்குப் போனதே இல்லை. கட்டிவைத்த கப்பலிலேயே கொஞ்சம் பெரிய அலை வந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஆனாலும் ஒன்பது வருடமாக வெள்ளைத் தொப்பி போடாமல் வேலைக்கு வந்ததில்லை.

அந்தத் தொப்பிக்குத்தான் இப்போது ஆபத்து. தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு, சாதாரணப் பார்வையாளர் போல ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் நிகழ்ச்சிகள் நிறுத்தப்படும். அலுவலர் தலைமையகப் பதிவறைக்கு மாற்றப்படுவார். பதிவறைக்குத் தலைவர், கேப்டனின் மனைவியுடைய சொந்தத் தம்பி. சின்ன வயதில் கணக்கு வரவில்லை என்று கேப்டனிடம் காதில் திருகு வாங்கிய அதே தம்பி.

"போனா போகுது விடுங்க. தம்பிதானே, உங்கள நல்லாப் பாத்துப்பான்" என்றிருந்தாள் மனைவி, காலையில்.

அந்த 'நல்லா'வை நினைத்தபோதெல்லாம் கேப்டன் தன் காதைத் தடவிக்கொண்டார். இன்று மாதத்தின் கடைசி ஞாயிறு.

கீழே நின்ற ஆள் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். கையில் மடக்கிய குடை, தோளில் பை. துணைக்கு யாரும் இல்லை. பீரங்கியைப் பார்க்கவில்லை, கொடிமரத்தைப் பார்க்கவில்லை. மூலை முடுக்கு, கதவு, கதவில் எழுதியிருப்பது என்று எல்லாவற்றையும் அவசரமாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் படிகளில் இறங்கி ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க."

"சார், இங்க வந்து..."

"எல்லாத்தையும் காட்டுறேன். ஒண்ணு விடமாட்டேன்."

"இல்ல, எனக்கு ஒரு சின்ன..."

"கேள்வியெல்லாம் கடைசியில சார். அதுக்குன்னே பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்."

அவரை மாலுமிகள் கூடத்தில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். பின்னால் நாற்பது நாற்காலிகள் காலி. இது மதிப்பெண்ணுக்கு ஆகாது. கேப்டன் கேன்டீன்காரரை இழுத்து வந்தார். பெயின்டரை ஏணியிலிருந்து இறக்கினார். கூட்டிக்கொண்டிருந்த அம்மாவைத் துடைப்பத்தை ஒளித்துவைக்கச் சொல்லி உட்கார வைத்தார். அப்படியும் கூடம் எழவு வீடு மாதிரிதான் இருந்தது. கடைசியில் டிக்கெட் அக்காவிடம் போனார்.

"கவுன்ட்டர மூடிட்டு வாங்க."

"யாராவது வந்தா?"

"இனிமே யாரு வரப்போறா? வரவேண்டியவர் வந்தாச்சு."

"சார், அந்த ஆளப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"தெரியும். அவரு யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க பார்வையாளர். வாயத் தொறக்கக் கூடாது."

அக்கா 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் தொங்கவிட்டுவிட்டு, கைப்பையோடு நாலாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

கேப்டன் உரையை ஆரம்பித்தார். கப்பலின் நீளம், அகலம், எடை, முதல் தளபதி, அவருடைய மீசை. மீசை வரைக்கும் பொறுத்த சாம்பல் சட்டைக்காரர், மூழ்கிப்போன மாலுமிகள் பேச்சு வந்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

கேப்டன் தொப்பியை நேராக்கிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் இந்த இடத்தில் யாரும் எழுந்து நின்றதில்லை. இரண்டு பேர் தூங்கியிருக்கிறார்கள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. ஒரு நிமிஷம் மௌனம்."

எல்லோரும் எழுந்தார்கள். சாம்பல் சட்டைக்காரர் தலையைக் குனிந்து, கண்ணை இறுக்கி மூடி, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த உருக்கத்தைக் கண்ட கேப்டன் ஒரு நிமிடத்தை மூன்றாக்கினார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "இன்னும் எவ்வளவு நேரம் சார் இருக்கு?"

அவ்வளவுதானா என்று கேட்கிறார். கேப்டனுக்கு வியர்த்தது. ஆறு மாதமாகக் கைவிட்டிருந்த ஒரு பகுதியை அந்தக் கணமே திரும்பச் சேர்த்தார்.

"கவலப்படாதீங்க சார். முக்கியமானதே இனிமேதான்."

அதன் பெயர் 'தண்ணீர் புகுந்த அறை'. பார்வையாளர்களைக் கீழ்த்தளத்து அறையில் விட்டு, இரும்புக் கதவைச் சாத்தி, சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் ஒரு தகரத் தொட்டியில் கொட்டும். குண்டு பட்ட கப்பலில் மாலுமிகள் கேட்ட கடைசிச் சத்தம் அது என்று கேப்டன் சொல்வார். ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்துவிட வேண்டும்.

கேன்டீன்காரர் வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தார். கதவு மூடியது. தண்ணீர் கொட்டியது. கேப்டன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, சக்கரத்தைத் திருப்பினார். அது திரும்பவில்லை.

"என்னய்யா இது?"

"வெள்ளிக்கிழமைதான் சார் பெயின்ட் அடிச்சேன்" என்றார் பெயின்டர். "ஆபீசர் வர்றார், பளபளன்னு இருக்கணும்னீங்க. ரெண்டு கோட்டு குடுத்தேன். சரியாக் காயல, இறுக்கினதும் ஒட்டிக்கிச்சு போல."

"தண்ணியையாவது நிறுத்துய்யா."

"குழாய் வெளியில இருக்கு சார்" என்றார் கேன்டீன்காரர்.

பெயின்டரிடம் சுரண்டி இல்லை. கேன்டீன்காரர் சட்டைப்பையில் ஒரு டீ ஸ்பூன் இருந்தது. அதை வைத்துப் பெயின்டர் சக்கரத்தைச் சுரண்டத் தொடங்கினார். தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் எல்லோருடைய செருப்பையும் நனைத்தது. சளசளவென்ற சத்தம் இரும்புச் சுவர்களில் மோதித் திரும்பியது. கூட்டுகிற அம்மா, துடைப்பத்தை ஒளிக்கச் சொன்னதை நினைத்துப் பெருமூச்சு விட்டாள்.

சாம்பல் சட்டைக்காரர் மூலையில் சுவரோடு சாய்ந்து, காலோடு கால் பின்னி, மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"பாத்தீங்களா" என்று கேப்டன் கேன்டீன்காரர் காதில் கிசுகிசுத்தார். "கப்பல் ஆடுறதையே உணர்றாரு."

"சார்" என்றாள் டிக்கெட் அக்கா.

"உஷ்."

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. சாம்பல் சட்டைக்காரர் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, அந்த வயதில் யாரும் ஏற முடியாத வேகத்தில் படியேறினார். கேப்டன் கருத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, இறங்கு பாலத்தில் வழிமறித்தார்.

"சார், ஒரே ஒரு வரி."

அவர் பேனாவைப் பிடுங்கி, காகிதம் கிழிகிற அழுத்தத்தில் 'முடியல' என்று எழுதிவிட்டு, குடையைக் கூட எடுக்காமல் மழைக்குள் ஓடிப்போனார்.

கேப்டன் அந்த ஒற்றைச் சொல்லை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். "வார்த்தையால சொல்ல முடியலைங்கிறாரு" என்றார். மைத்துனனின் பதிவறை கண்ணிலிருந்து மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

டிக்கெட் அக்கா கவுன்ட்டரைத் திறக்கப் போனாள். 'மூடப்பட்டுள்ளது' பலகைக்குப் பின்னால் ஈரமான ஒரு காகிதம் செருகியிருந்தது. அதைக் கொண்டுவந்து நீட்டினாள். தலைமையகத்தின் முத்திரை. கேப்டன் படித்தார்.

'மதிப்பீட்டுக்காகப் பதினொன்று ஐந்துக்கு வந்தேன். நிகழ்ச்சி நேரத்தில் கவுன்ட்டர் மூடியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. அரை மணி நேரம் மழையில் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.'

கேப்டன் இரண்டு முறை படித்தார். தொப்பியைக் கழற்றினார். மழை வழுக்கைத் தலையில் நேராக விழுந்தது.

"அப்ப அவரு யாரு?"

"அதத்தான் சார் அப்பவே சொல்ல வந்தேன்" என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தவரு. உள்ள பாத்ரூம் இருக்கான்னு கேட்டாரு. டிக்கெட் எடுத்தவங்களுக்குத்தான்னு சொன்னேன்."