வேலம்மாளிடம் மட்டும் கேட்காமல் விட்டது

லஜ்பத் நகர்,
புது டெல்லி,
நவம்பர் 21.

நாசரேத்தில் இருக்கும் என் மரியாதைக்குரிய அத்தான் ஞானசிகாமணி அவர்களுக்கு,

மைத்துனன் மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சுஜாதாவும் கர்த்தருடைய கிருபையாலும், காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு மெஷினாலும் நலமாக இருக்கிறோம். அங்கே தங்கள் சர்க்கரையும் அக்காவின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இத்தனை வருஷமாகப் போனில் பேசியவன் இப்போது ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் கேட்டால் மறுப்பதற்குத் தங்களுக்குச் சங்கடமாக இருக்கும். கடிதம் என்றால் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடலாம். அந்த வசதியைத் தங்களுக்குச் செய்து கொடுக்கவே இது.

விஷயம் என்னவென்றால், ஜனவரியில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து பதினொரு பேர் ஜார்க்கண்டில் ஒரு மலைக்கிராமத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகிறார்கள். அங்கே நாற்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியின் கூரை ஒழுகுகிறது. அதைப் பிரித்து மேய வேண்டும், பெரியவர்களுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும். பாஸ்டர் இன்பராஜ் இதை அறிவித்து, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்ட அதே நேரத்தில், தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி நான் கையைத் தூக்கினேன். சபையே கைதட்டியது. மின்விசிறியை யாரும் குறைக்கவில்லை. சரி, நம் செலவை நாமே போட்டுக்கொண்டு போய்விட்டு வரலாம் என்று பார்த்தால், அதற்கும் வழியில்லை. "சொந்தக் காசுல வந்தா அது டூர் அங்கிள். நாலு பேர்ட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க, அப்பத்தான் அந்த நாலு பேரும் நம்மகூட வந்த மாதிரி" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அத்தான், முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் வேலை பார்த்தவன் நான். மற்றவர்கள் கேட்டதை மறுத்துக் கோப்பில் எழுதியே பிரிவு அதிகாரி வரைக்கும் உயர்ந்தவன். கேட்டுப் பழக்கமே கிடையாது.

ஆகவே எனக்குத் தெரிந்த முறையில், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு மூன்று பக்கத்துக்கு ஒரு விண்ணப்பம் தயாரித்து, முதலில் மாடி வீட்டுச் சந்திரமௌலியிடம் கொடுத்தேன். அவர் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். சிவப்பு மையால் திருத்தியே திருப்பிக் கொடுத்தார். "ஓய், 'மேற்படி'ன்னு ஆறு எடத்துல வரது. யாரு அந்த மேற்படி?" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நேரா கேக்கறேன், மதம் மாத்தறதுக்கா?" என்றார். "கூரைக்கும் கண்ணாடிக்கும்" என்றேன். உள்ளே போய்ப் பணமும், ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தன் பழைய மூக்குக்கண்ணாடிகளும் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது வருஷமாக அவருடைய பார்வை எப்படிப் படிப்படியாகக் கெட்டது என்பதை அந்த டப்பாவை வைத்தே சொல்லிவிடலாம்.

அடுத்து, கீழே திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் குல்தீப்ஜி. நான் விண்ணப்பத்தை நீட்டுவதற்குள் கல்லாவைத் திறந்து, "லீஜியே அங்கிள்ஜி" என்று கொடுத்துவிட்டார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எதற்கு என்று கேளுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். விடாமல் நின்று, ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். விசாரிக்க ஆரம்பித்தால் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், தன்னைத் தனக்குத் தெரியும் என்று இந்தியில் சொல்லிவிட்டு மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆராய்ச்சி. ஒருவர் ஆயிரம் கேள்வி கேட்டுக் கொடுக்கிறார், இன்னொருவர் கேட்காமலே கொடுக்கிறார். கொடுக்கும்போது ஆட்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது? நான் கொடுத்திருந்தால் அல்லவா எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்படியே எங்கள் கட்டடத்தில் காவலாளி வரை எல்லோரிடமும் கேட்டாயிற்று, வேலம்மாளைத் தவிர. வேலம்மாள் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவள், கள்ளக்குறிச்சிப் பக்கம். பக்கத்தில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில்தான் குடியிருந்தாள். ஜூன் மாதம் அரசாங்கம் அதை இடித்த பிறகு, டெல்லியின் மறுகோடியில் நரேலாவில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி இரண்டு மணி நேரம் வருகிறாள். அவளிடம் போய்க் கேட்பதா என்று விட்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"எல்லாருகிட்டயும் கேட்டீங்களாமே சார். என்கிட்ட ஏன் கேக்கல?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம்னு..."

"அத நான்ல சொல்லணும். நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்? கேளுங்க."

கேட்டேன். மூன்று பக்கத்தையும் வாசிக்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்ட முதல் ஆள் அவள்தான். முடிந்ததும், "மழ வந்தா புள்ளைங்க எங்க சார் படுக்கும்?" என்றாள். விண்ணப்பத்தில் அது இல்லை. பாஸ்டருக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்கள், உட்கார்ந்தபடியே தூங்குவார்கள் என்றார். வேலம்மாள் எழுந்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துப் பணத்தை மேஜைமேல் வைத்து, "என் பேர்ல சீட்டு எழுதிக் குடுங்க" என்றாள்.

ரசீதில் தேதி எழுதும்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது, அத்தான். வீடு இடித்தபோது அவள் மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளுக்கும் நான் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். விதி விதிதான் என்று சுஜாதாவிடம் வேறு பெருமையாகச் சொன்னேன். வேலம்மாள் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. நான் உள்ளே போய் அந்த மூன்று நாள் சம்பளத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டு வந்து, ஜூன் மாதத்துக்கு என்று நீட்டினேன். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையை என் கை விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"விடுங்க சார்" என்றாள்.

"விட்டுட்டேன்மா" என்றேன்.

"இல்ல சார். புடிச்சிருக்கீங்க."

சுஜாதா அடுக்களையிலிருந்து வந்து, "ஏங்க, வெரல எடுங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டேன். வேலம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "இது என் காசு, அதான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, கை ஏன் அப்படிச் செய்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பழக்கிப் பார்க்கலாம் என்று மறுநாள் என் கம்பளிக் கோட்டைக் காவலாளிக்குக் கொடுத்தேன். பிறகு அதை ஒழுங்காக வைத்திருக்கிறானா என்று மூன்று தடவை பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை அவன் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கோட்டில் டீ சிந்தியிருந்தது. ஐந்தாவது தடவை நான் போகவில்லை. இதுவரை நான் அடைந்த முன்னேற்றம் இவ்வளவுதான்.

ஆகவே அத்தான், தங்களால் முடிந்ததைக் கூரைக்காக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்காமல் விட்டால் தங்களுக்கும் வருத்தமாக இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆண்டவர் குறைவில்லாமல் நடத்துவாராக.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
மாசிலாமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் பாஸ்டர் வந்தார். விடுதி வார்டனிடமிருந்து செய்தி வந்திருக்கிறதாம். டெல்லியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள் என்று கேள்விப்பட்டு, ஏறி விழுந்து தொலைக்கப் போகிறார்கள் என்று பயந்து, ஊர்க்காரர்களே கூடிக் கூரையை மேய்ந்து முடித்துவிட்டார்கள். அதோடு வீட்டுக்கு வீடு அரிசியும் கோழியும் வசூல் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி என்று யார் சொன்னார்களோ, வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று வாங்கி மாட்டு வண்டியில் மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். வந்து சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி கொடுத்துவிட்டுப் போனால் போதுமாம். வேலம்மாளிடம் சொல்லி, பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "கூர போட்டாச்சின்னா கதவு இருக்கான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை தாங்கள் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிவித்தால் போதும்: பத்து நாள் ஒரு ஊரார் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் எப்படி அத்தான் உட்கார்ந்திருப்பது? ரயில் ஜனவரி ஒன்பதாம் தேதி. அதற்குள் எழுதவும்.