காயமில்லாத நூறு நாள்கள்

பினாங்குத் தீவிலேயே, ஏன், இந்த உலகத்திலேயே, ஓட்டக்காரர்களை ஓடவிடாமல் செய்வதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் நிப்பாட்டு அண்ணன்தான். ஜார்ஜ்டவுனில் நான் படித்த கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பொறுப்பாளர். நிஜப் பெயர் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. திடலில் யார் கொஞ்சம் வேகமெடுத்தாலும் "நிப்பாட்டு!" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது.

உடம்பைச் சூடேற்றாமல் ஓடக் கூடாது என்பார். சரியென்று இரண்டு சுற்று மெதுவாக ஓடினால், "நிப்பாட்டு! ரொம்பச் சூடாயிடுச்சு." நிழலில் உட்கார்ந்தால், "ஏன் அசையாம இருக்கே? தசை இறுகிடும்." எழுந்து நடந்தால், "தரையப் பாரு, மழை பெஞ்சிருக்கு, வழுக்கும்லா." தரையைப் பார்த்து நடந்தால், "நிமிந்து நட, கழுத்துப் புடிச்சுக்கும்." மூன்று வருடம் அந்த அணியில் இருந்தேன். ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

"அண்ணே, இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பாயான் லெப்பாஸ்ல."

"அங்க ஸ்போர்ட்ஸ் காலேஜ் இருக்கா?"

"ஃபேக்டரி, தங்கச்சி. பன்னெண்டு வருஷம் சேஃப்டி டிபார்ட்மெண்ட். ஒருத்தனுக்கு ஒரு வெரல் கூடப் போனதில்ல, தெரியுமா?"

தொழிற்சாலையை அப்படியே திடலில் இறக்கிவிட்டார். தாண்டுகிற மணல் குழியைச் சுற்றி மஞ்சள் கோடு. ஈட்டி எறிபவனுக்குத் தலைக்கவசம். விழப் பார்த்து விழாமல் தப்பித்தாலும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். என் தோழி கவிதா ஒருமுறை தடுமாறியதற்கு அவரே நிரப்பிய ஃபாரத்தைப் பார்த்தேன். காரணம்: காலணிக் கயிறு. யோசனை: கயிறில்லாத காலணி. எடுத்த நடவடிக்கை: அவள் அம்மாவிடம் பேசியாயிற்று.

அறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. 'காயமில்லாத நாள்கள்' என்று தலைப்பு. தினமும் காலையில் எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவார். யாருக்காவது சுளுக்கினால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் போடுகிற நாளில் மனிதர் சாப்பிட மாட்டார். துக்க வீடு மாதிரி அறைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நாங்கள் அந்தக் காரியத்தைத் தொடங்கினோம். வலித்தால் சொல்வதில்லை.

பலகையில் தொண்ணூற்றொன்று வந்த அன்று என் வலது பின்தொடையில் சுருக்கென்றது. பத்து நாளில் கல்லூரிகளுக்கிடையிலான அஞ்சல் ஓட்டம். கடைசிச் சுற்று என்னுடையது. படிப்பு முடிகிறது, இன்னொரு வருடம் கிடையாது. போதாக்குறைக்கு, நூறு வந்தால் எல்லாருக்கும் தன் செலவில் நாசி கண்டார், குழம்பெல்லாம் கலந்து ஊற்றிய சோறு, என்று அண்ணன் அறிவித்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நூறாவது நாள், போட்டிக்கு முந்தின நாள். எங்கள் எட்டுப் பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு நாசி கண்டார் கடைக்குப் போனார். அந்தக் கடையில் வரிசை எப்போதும் நடைபாதை வரை நீளும். இருபது நிமிடம் நின்றோம். முன்னால் நின்ற அண்ணன் பெருமையாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உறைந்தார். எட்டில் ஆறு பேர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தோம்.

ஈட்டிக்காரனிடம் வந்தார். "உனக்கு எந்தக் காலு?"

"எடதுண்ணே. சும்மா, கணுக்காலு."

"எப்பருந்து?"

"எழுபத்தி மூணுலருந்து."

"கவிதா?"

"முட்டி. அறுபது."

"தங்கச்சி, நீ?"

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றேன்.

"என்னா தம்பி, கோழியா, கணவாயா?" என்று கடைக்காரர் கரண்டியோடு காத்திருந்தார். அண்ணன் காதில் விழவில்லை.

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"பூஜ்ஜியம் போட்டா நீங்க சாப்பிட மாட்டீங்களேண்ணே" என்றாள் கவிதா.

அண்ணன் எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாந்தான் பலகையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார்.

அன்று மாலையே ஆறு பேரையும் பிசியோவிடம் கொண்டுபோய் நிறுத்தினார். ஐந்து பேர் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கலாம், ஒருத்தி கூடாது என்றார்கள். அந்த ஒருத்தி நான். ஓடினால் தசை கிழிந்துவிடுமாம்.

"அண்ணே, ஒரே ஒரு சுத்துதானே. கடைசி வருஷம்லா" என்று கெஞ்சினேன்.

"நீ ஓடலன்னு கோச்கிட்ட சொல்லிட்டேன், தங்கச்சி. கோவத்த என் மேல காட்டு. காலு மேல காட்டாத."

காட்டினேன். மறுநாள் திடலுக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை.

என் சுற்றை முதலாண்டு மாணவி ஒருத்தி ஓடினாள். நான் படிக்கட்டில், தொடை மேல் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கி வெடித்ததும் அண்ணன் எங்கிருந்தோ வந்து, திடலுக்கு முதுகைக் காட்டி என் முன்னால் நின்று ஒரு பெரிய குடையை விரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழையும் இல்லை, வானம் மப்பாக இருந்ததால் வெயிலும் இல்லை.

கூட்டம் கத்தி ஓய்ந்தது. "நம்ம எத்தனாவது?" என்று என்னையே கேட்டார். எட்டிப் பார்த்துச் சொன்னேன், அஞ்சாவது.

"யாரும் விழலையே?"

"இல்லண்ணே."

"அப்பச் சரி" என்று குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதும், அது வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.