செத்தவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

போரில் செத்துப்போன யாரும் திரும்பி வந்து அந்த அனுபவத்தை எழுதியதாகத் தெரியவில்லை. நான் எழுதுகிறேன். ஒரு ஆடி மாதத்துக் காலையில், கொல்லிமலையில், ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மார்பில் அம்பு பட்டு நான் செத்தேன். அதோடு விட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். செத்த பிறகு நான் செய்த காரியத்தைத்தான் இன்றுவரை என் வீட்டில் யாரும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் மலையை ஒரு காலத்தில் ஒரு வில்லாளி மன்னர் ஆண்டார். (பெயர் சொல்லத் தேவையில்லை. மலை ஏறி வந்தால் டீக்கடைப் பலகை முதல் ஆட்டோவின் முதுகு வரை அவர் பெயர்தான்.) ஆடித் திருவிழாவில் ஆலத்தூர் நாட்டு (மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்) ஆட்கள் சேர்ந்து அவருடைய கடைசிப் போரை மைதானத்தில் நடத்திக் காட்டுவோம். நாற்பது பேர், இரண்டு படை, மூங்கில் வில், ஜிகினாத் தாள் ஒட்டிய பலகை வாள். எதிரி மன்னராக வருபவர் ராசப்பன் மாமா, என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மிளகுத் தோட்டக்காரர். வருடம் முழுக்க எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பவர், அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் மன்னரைக் கொல்வார். கொன்றுவிட்டு, மன்னராக நடித்தவர் வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வருவார்.

நான் செத்ததற்கு முந்தின வருடம் நான் வில்வீரன். சேந்தமங்கலத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிற வேலை. ஆனால் உடம்பில் ஓடுவது அந்த வில்லாளியின் ரத்தம் என்று ஒரு நினைப்பு. அம்பை மேல்நோக்கி விட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் மாமாவின் மகள் பூங்கொடி நின்றிருந்ததால் நான் குறி பார்த்து விட்டேன். அம்பு மாமாவின் இடது புருவத்தைக் கிழித்தது. ஆறு தையல். ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பூங்கொடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தையல் போடும்போது பக்கத்தில் நின்றவள் அவள்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் நான் அவர்கள் வீட்டு வழியாகவே போகவில்லை. வெட்கம் பாதி, பயம் பாதி. மாமாவின் கண்ணை நினைத்தால் சோறு இறங்காமல் போன நாட்கள் உண்டு.

மறுவருடம் விழாக் கூட்டத்தில் அரசு அதிகாரி ஒருவர் வந்து கறாராகச் சொல்லிவிட்டார். இந்த ஒரு வருடம் பார்ப்பாராம். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் போர் ரத்து, அடுத்த வருடம் முதல் அந்த நேரத்தில் நாய்க் கண்காட்சி. ஊரின் போரை நாய்க்குக் கொடுக்க வைத்தவன் என்ற பெயர் எனக்கு வரப் போகிறது என்று புரிந்ததும், நான் எழுந்து, பாதுகாப்புப் பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். புருவத்துத் தழும்பு எனக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர்தான் முதலில் சரி என்றார்.

அச்சகத்தில் வேலை செய்பவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பார்டர் போட்டு, இரண்டு கலரில், பதினேழு விதிகள் அச்சாகி வந்தன. அம்பு முனைகளில் துணிப்பந்து கட்ட வேண்டும். கழுத்துக்கு மேலே எதுவும் படக் கூடாது. அடிக்கும் முன் எதிராளியின் கண்ணைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். (எங்கள் ஆட்கள் அத்தோடு நிற்காமல் “அடிக்கட்டுங்களா?” என்று கேட்டும் அடித்தார்கள்.) முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒருவரும் குடிக்கக் கூடாது. செத்தவர்கள் விசில் அடிக்கும் வரை எழக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வெற்றிலை மெல்லக் கூடாது. உயிரோடிருப்பவர்கள் செத்தவர்களைத் தொடவோ தாண்டவோ கூடாது. (ஒருமுறை ஒரு பிணத்தைக் காலைப் பிடித்து இழுத்ததில் பிணத்தின் வேட்டி கையோடு வந்துவிட்டது.) விசில் அடிக்காமல் எந்த மன்னரும் வாளைக் கீழே போடக் கூடாது. பதினேழாவது விதி நானே ஆசையாகத் தடித்த எழுத்தில் போட்டது: விசில் பாதுகாப்புப் பொறுப்பாளர் கழுத்தில் மட்டுமே இருக்கும்.

எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கையெழுத்தெல்லாம் பேங்குக்குத்தான் சாமி ஆகும். கோயில்ல வெச்சுச் சொல்லச் சொல்லு, அப்பத்தான் நிப்பாங்க” என்றார். எங்கள் மலையில் அது உண்மை. பத்திரத்தில் போட்ட கையெழுத்தை மறந்துபோனவர் உண்டு, கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல்லை மீறியவர் கிடையாது. விழாவன்று காலையில் வந்திருந்த வீரர்கள் எல்லோரும் கோயில் முன் வெறுங்காலோடு நின்று, நான் வாசிக்க வாசிக்க, பதினேழு விதிகளுக்கும் சத்தியம் செய்து கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குள் ஒரு சிக்கல். கீழே பேளுக்குறிச்சிக்கு விருந்துக்குப் போன ஒரு வீரர் பஸ்ஸை விட்டுவிட்டார். ஆள் குறைந்தால் அணிவகுப்பு ஓட்டையாகத் தெரியும். முதல் அம்பிலேயே சாகிற வேடம்தானே, நானே செத்துவிட்டுப் படுத்துக்கொண்டே விசில் ஊதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பூங்கொடி முதலுதவி மேசையில் உட்கார்ந்திருந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கவசம் என்ற பெயரில் நான் தைக்கச் சொல்லியிருந்தது சந்தையில் வாங்கிய பழைய ஃபோம் மெத்தையை வெட்டிச் செய்தது. மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. (பொறுப்பாளர் பத்திரமாக இருந்தால்தானே மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும்.) துணிப்பந்து கட்டிக் கட்டி மூன்று நாளாக நான் ஒழுங்காகக் கண்ணை மூடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பறை முழங்கியது. பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து மைதானத்துக்குள் மெல்ல இறங்கி வந்தது. எதிரிப்படை இருபது பேரும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தபோது, உண்மையாகவே அந்தக் காலம்தான் வந்துவிட்டதோ என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு துணிப்பந்து பொத்தென்று மார்பில் பட்டது. நான் கையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லில் சாய்ந்தேன். முதுகுக்குக் கீழே இரண்டு மெத்தை. முகத்தில் பூவாகத் தூறல். பறைச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய், யாரோ பக்கத்து ஊரில் அடிப்பது போலக் கேட்டது.

பிறகு நான் நடந்துகொண்டிருந்தேன். அதே மைதானம், ஆனால் ஓரத்திலிருந்த பள்ளிக்கூடமும் பந்தலும் இல்லை. பனி முழங்கால் அளவுக்கு நின்றது. குதிரைகள் சத்தமில்லாமல் கடந்து போயின. மன்னர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். நான் பதினேழு விதிகளையும் நீட்டினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, தன் அம்புக்கட்டை என்னிடம் கொடுத்து, துணி கட்டித் தரும்படி கேட்டார். நான் கட்டிக் கட்டி வைத்தேன், அம்புகள் தீரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது மன்னருக்கு மாமாவின் முகம். இடது கண்மேல் வெள்ளைக் கட்டு. “வலிக்குதுங்களா மாமா?” என்று கேட்டேன். ஒரு வருடமாகக் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி. அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பனி நடுவில் வந்துவிட்டது.

நான் அங்கே அம்பு கட்டிக்கொண்டிருந்தபோது இங்கே நடந்ததைப் பல பேர் பல தடவை எனக்குச் சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் போர் முடிந்தது. எல்லோரும் ஒழுங்காகத் தலையாட்டி, ஒழுங்காக அடித்து, ஒழுங்காகச் செத்தார்கள். கடைசியில் மாமா எங்கள் மன்னரை வீழ்த்தி வாளை உயர்த்தினார். அடுத்து விசில் வர வேண்டும். வரவில்லை. பறை அடித்தவர்கள் இன்னொரு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். செத்தவர்கள் எழவில்லை. மாமா வாளை இறக்கவில்லை. என் பக்கத்தில் செத்துக் கிடந்தவருக்கு நான் தூங்குவது தெரியும், ஆனால் பிணம் பேசக் கூடாது. உயிரோடு நின்றவர்களுக்கும் தெரியும், ஆனால் பிணத்தைத் தொடக் கூடாது. கற்பூரம் அணைத்த கை.

அரை மணி நேரம். பனி இறங்கி நாற்பது பேரையும் மூடி மூடித் திறந்தது. தூறலில் உயர்த்திய வாளோடு ஒரு மனிதர் அசையாமல் நின்றார். மேடையிலிருந்த அதிகாரி இதையெல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக்கொண்டார். மாண்டவர்களுக்கு மௌன அஞ்சலி என்று முடிவு செய்து, மெல்ல எழுந்து, தலை குனிந்து நின்றார். அவரைப் பார்த்து மேடை எழுந்தது, மேடையைப் பார்த்துக் கூட்டம் எழுந்தது. ஐஸ் விற்பவர் மணியைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த மலையில் அப்படி ஒரு அமைதியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். சிலர் அழுதார்களாம்.

அந்த அமைதியில்தான் என் குறட்டை கேட்டிருக்கிறது.

முதலில் பன்றி ஏதோ புகுந்துவிட்டதென்று நினைத்தார்களாம். பிறகு கூட்டத்தில் ஒரு குழந்தை, பிணம் தூங்குகிறது என்று கைகாட்டிச் சொல்லிவிட்டது. மைதானத்தில் கிடந்த பிணங்கள் அத்தனையின் வயிறும் குலுங்கியது. ஒரு வாய் திறக்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் வரக்கூடியவர்களில் சத்தியம் செய்யாதவள் என்று முதலுதவி மேசையில் ஒருத்திதான் இருந்தாள். காலையில் டியூட்டி, கோயிலுக்கு வரவில்லை. பூங்கொடி கயிற்றைத் தாண்டி, செத்தவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்து வந்து, முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். உயிர் இருப்பது உறுதியானதும், இரண்டு மெத்தைக்கு அடியிலிருந்து விசிலை உருவி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள்.

நான் துள்ளி எழுந்து நின்றேன். பனி, வில், கிடக்கும் உடல்கள், எதிரே வாளோடு மாமா. எது கனவு, எது மைதானம் என்று தெரியவில்லை. மைக் தேவைப்படாத குரலில் கத்தினேன்: “யாருக்காச்சும் அடி பட்டுருச்சுங்களா?”

ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். மற்ற பிணங்கள் புல்லில் புரண்டு சிரித்தன. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாளைக் கீழே போட்டுவிட்டு, மரத்துப்போன கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஒருத்தருக்கும் இல்ல மாப்ள” என்றார். பிறகு தழும்பைத் தொட்டுக் காட்டி, “இதுவும் வலிக்கறதில்ல. தூக்கத்துல கேட்டுட்டே இருந்தயே, எனக்குக் கேட்டுது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. (மழை என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருவரும் நம்பவில்லை.)

அதிகாரி மைக்கில் வந்து, உயிரோடிருப்பவர்களிடம்கூட இத்தனை ஒழுங்கை அவர் பார்த்ததில்லை என்றும், போர் வருடா வருடம் நடக்கட்டும் என்றும் சொன்னார். நாய்க் கண்காட்சி பக்கத்து மைதானத்துக்குப் போனது. விதித்தாளை மட்டும் மாமா என்னிடமிருந்து வாங்கி, அதிகாரியின் பேனாவால் அடியில் ஒரு வரி சேர்த்தார். அடுத்த வருடத்திலிருந்து அதுவும் இரண்டு கலரில் அச்சாகிறது. நானே டைப் அடித்தேன்: 18. விசில் வைத்திருப்பவர் சாகக் கூடாது.

விசில் திரும்ப என் கழுத்துக்கு வரவில்லை. மறுவருடம் பூங்கொடியோடு எனக்குக் கல்யாணம் ஆனபோது அதுவும் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. இப்போது சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் போதும், மகள் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துவந்து காதில் ஊதிவிடுவாள். வருடங்கள் ஆகியும் நான் அதே கேள்வியோடுதான் எழுகிறேன், யாருக்காவது அடி பட்டுவிட்டதா என்று. வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருக்கும் மாமா தலையைத் திருப்பாமலே பதில் சொல்வார்.

“ஒருத்தருக்கும் இல்ல மாப்ள. தூங்கு.”