எதிர்க்கடையின் ஜன்னல் கதிரை

தபால் கந்தோர் வாசலில் புனிதமலர் குடையை விரிப்பதைக் கண்டதும் யாகப்பு கேத்திலைத் தூக்கினார். தேயிலைச் சாயம் கொஞ்சம் தூக்கலாக, பால் அளவாக, பக்கத்தில் ஒரு பனங்கட்டித் துண்டு. போர்த் தடையில் சீனி கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. தேத்தண்ணியை ஆற்றி நுரை கட்டி மேசையில் வைக்கவும் அவள் கடைக்குள் காலெடுத்து வைக்கவும் சரியாக இருக்கும். அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

அன்றைக்குப் பிசகியது. புனிதமலர் மதகடியில் நின்றாள். இந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து, எதிரில் புதிதாகத் திறந்திருந்த ‘நிறைகுடம் சுவையகம்’ படியேறி உள்ளே போய்விட்டாள்.

யாகப்பு கேத்திலும் கையுமாக நின்றார்.

“அண்ணை, தேத்தண்ணி ஆறுது,” என்றார் மர வாங்கிலில் இருந்த கனகலிங்கம். பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை அவருடையது. ஆனால் அந்தக் கடையில் அவரைக் கண்டவர்கள் குறைவு.

“ஆறட்டும்.”

“ஆறினால் வீண்தானே,” என்று கனகலிங்கம் எடுத்துக் குடித்தார். பனங்கட்டியையும் விடவில்லை.

நிறைகுடம் கிளிநொச்சிக்கு வந்து இன்னும் வாசல் வாழைகூட வாடவில்லை. பரந்தனிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் ஏற்கெனவே கிளைகள் இருந்தன. எங்கே போனாலும் அதே நீலச் சட்டைப் பெடியள், அதே றோல்ஸ், அதே ருசி. வாசலில் காசைக் கொடுத்து டோக்கன் எடுக்க வேண்டும். ‘உண்டு முடித்தவர்கள் எழும்பி இடம் கொடுக்கவும்’ என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோரம் பெண்களும் கூச்சமில்லாமல் இருந்து சாப்பிட்டார்கள். ஊருக்கு அது புதுமை.

யாகப்புவின் கடையில் டோக்கனும் இல்லை, எழுத்தும் இல்லை. வடையும் வாய்ப்பனும் குவித்த தட்டை மேசையில் வைத்துவிடுவார். தின்றவர்கள் தின்றதைச் சொல்லிக் காசு கொடுப்பார்கள். அவர் எண்ணிப் பார்த்ததில்லை. தெருவைப் பார்த்தபடி அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஆற்றுவதே அவருக்கு வேலை. கடலுக்குப் போகத் தடை வந்தபோது முல்லைத்தீவிலிருந்து இங்கே வந்து தொடங்கிய கடை. வள்ளத்தை விற்றார், வலையை விற்றார். வள்ளத்துப் பாயை மட்டும் விற்க மனம் வராமல் சுருட்டி முகட்டில் வைத்திருந்தார்.

நாலு தங்கைமாரைக் கரைசேர்த்த களைப்பில் தன்னை மறந்துபோன மனிதர் அவர். நாற்பது தாண்டிய பிறகுதான் புனிதமலர் தபால் கந்தோருக்கு வேலைக்கு வந்தாள். அவளும் முல்லைத்தீவில் சிலாவத்தைப் பக்கத்துப் பிள்ளை. தாயின் நோயோடு மல்லுக்கட்டியதில் கலியாணம் தள்ளித்தள்ளிப் போனவள். யாகப்புவுக்கு அவள் மேல் உயிர். அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் சந்தையில் மரக்கறி விற்பவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்று யாகப்பு நம்பினார்.

ஒரேயொரு மனக்குறை. கிளிநொச்சி முழுதும் அவரை ‘யாகப்பண்ணை’ என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூத்த கனகலிங்கத்துக்குக்கூட அவர் அண்ணைதான். புனிதமலர் மட்டும் அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. “இஞ்சை, கேக்குதோ” என்பாள், அவ்வளவுதான். அண்ணை என்று சொல்லக்கூட மனமில்லாத அளவுக்குத் தன்னை அந்நியமாக நினைக்கிறாளே என்று அவருக்குக் கவலை.

இத்தனைக்கும் அவளுக்கு அவர் என்ன குறை வைத்தார்? முதலில் அவள் அடுப்படிக்கு எதிர் வாங்கிலில்தான் இருந்து குடித்தாள். ஒருநாள் உழவு மெசின்காரன் ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். யாகப்புவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவே கடையின் பின்பக்கம் கிடுகுத் தட்டி கட்டி, அவளுக்கென்று மேசை கதிரை போட்டு, வாசலுக்கு, இடுப்பில் உடுக்கும் பச்சைக் கோட்டுச் சாரம் ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார்.

“என்ர நத்தார்ப் பெருநாள் சாரம் மிஸ். ஒருக்காலும் உடுக்கேல்லை. உங்களுக்காக வெட்டினனான்,” என்றார் மறுநாள்.

“உங்களுக்கேன் வீண் சிரமம்?”

“இதென்ன சிரமம் மிஸ். பொம்பிளையள் மரியாதையா இருந்து குடிக்க வேண்டாமோ?”

புனிதமலர் கொஞ்சநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இருந்தாள். “கண் கலங்கிப்போச்சு அவாவுக்கு,” என்று யாகப்பு கனகலிங்கத்திடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அப்படிப் பூரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நிறைகுடம் வந்து, வெண்ணெய் திரண்டுவரத் தாழி உடைந்த கதையாயிற்று.

“ருசியில்லை அண்ணை காரணம்,” என்று ஒரு கிழமை யோசித்துவிட்டுக் கனகலிங்கம் சொன்னார். “நாகரிகம். உத்தியோகம் பாக்கிற பிள்ளைக்கு டோக்கன், ஒழுங்கு எண்டால் பிடிக்கும். நாங்களும் டோக்கன் போடுவம்.”

யாகப்பு சோடா மூடிகளைப் பொறுக்கித் தட்டி நெளிவெடுத்தார். சிவப்புப் பூசியது தேத்தண்ணிக்கு, வெள்ளை வடைக்கு. தட்டுக் குவியலும் அன்றோடு நின்றது. ஆளுக்கு எண்ணி வைத்தார்.

வட்டக்கச்சியிலிருந்து வரும் கமக்காரர் ஒருவர் சோடா மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உதென்ன யாகப்பண்ணை?”

“டோக்கன். அதைத் தந்தால்தான் வடை வரும்.”

“சங்கக்கடையில மாவுக்கு நிக்கிறன், மண்ணெண்ணெய்க்கு நிக்கிறன். உன்ர வடைக்கும் நிக்கோணுமோ? எண்ணி வேற வைக்கிறாய். நான் களவெடுத்துத் திண்டனானோ?”

“இல்லையண்ணை, ஒரு ஒழுங்குக்கு...”

“டோக்கன் எடுத்துத்தான் தின்ன வேணுமெண்டால் அங்கையே எடுக்கிறன். அங்கை றோல்ஸாவது இருக்கு,” என்று அவர் தெருவைக் கடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள்.

ஜன்னல் கதிரையில் இருந்த புனிதமலர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கடை காலியாவதை வேடிக்கை பார்க்கிறாள் என்று யாகப்புவுக்கு நெஞ்சு சுட்டது.

“பாட்டில்லாததுதான் குறை,” என்றார் கனகலிங்கம், சற்றும் தளராமல்.

கரண்ட் ஏது, பற்றரி ஏது? கனகலிங்கம் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து பாட்டுப்பெட்டிக்கு வயர் இழுத்தார். யாரேனும் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் பாடும். கை வேகமாய்ச் சுற்றினால் பாடகி குருவிபோலக் கீச்சிட்டாள். கை ஓய்ந்தால் அதே பாடகி பேய் பிடித்த கிழவன்போல உறுமினாள். முதல்நாள் சுற்றிய கனகலிங்கத்துக்குத் தோள் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணி குடிக்க வந்தவர்களிடம் “ஒரு பாட்டுக்குச் சுத்துங்கோ” என்று கேட்டதில், மிஞ்சியிருந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் வரவில்லை.

கந்தோர் விடும் நேரத்துக்கு ஒருவரும் அகப்படாததால் யாகப்புவே பின்பக்கம் குந்தியிருந்து சுற்றினார். வேர்த்துக் கொட்டியது. இரண்டு பாட்டு முடித்து மூச்சு வாங்க வெளியே வந்தபோது ஜன்னல் கதிரை வெறுமையாக இருந்தது.

“எங்கை மிஸ்?”

“எட்டி எட்டிப் பாத்தா. பேந்து தேத்தண்ணியையும் விட்டிட்டு எழும்பிப் போட்டா,” என்றார் கனகலிங்கம். “பாட்டுப் பிடிக்கேல்லைப்போல.”

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு சூடு போட்ட பூனைக்கு மூன்றாவதுக்கும் ஓர் ஆசை வரும். யாகப்பு ஏணி வைத்து முகட்டில் ஏறினார். பாயைக் கீழே இறக்கினார். உப்பு மணம் கடையெல்லாம் பரந்தது. பாயை ஒருதரம் கையால் தடவினார். அதை விரித்து, சிவப்பு மையால் ஆளுயர எழுத்தில் ‘யாகப்பு சுவையகம். குடும்பங்களுக்குத் தனி இடம்’ என்று எழுதி, கடை முகப்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இழுத்துக் கட்டினார். பரந்தனுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் அடுப்படியையும் அவரையும் சேர்த்து மூடிவிட்டது. உள்ளே பகலிலும் விளக்குக் கொளுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் பின்னேரம் பாய் விலகியது. புனிதமலர் நின்றாள்.

யாகப்புவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “வாங்கோ மிஸ், வாங்கோ. உங்கட இடம் அப்பிடியே கிடக்கு,” என்று சாரத் திரையை ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

“இஞ்சை, கேக்குதோ. இந்தப் பாய் எத்தினை நாளைக்கு?”

“ஏன் மிஸ்? எழுத்து வடிவில்லையோ?”

“எழுத்துக்கென்ன. காத்து வரேல்லை.”

“எங்கை?”

புனிதமலர் குடை நுனியால் எதிர்க்கடையைக் காட்டினாள். முகம் சிவந்திருந்தது. சொன்னதும் நில்லாமல் விறுவிறென்று போய்விட்டாள்.

கனகலிங்கம் வாங்கிலில் இருந்து எழும்பாமலே சொன்னார்: “பாத்தீங்களே அண்ணை அநியாயத்தை! நிறைகுடத்துக்குக் காத்து வர நீங்கள் வழிவிட வேணுமாம்.”

அன்றைக்கு யாகப்புவின் மனம் விட்டுப்போயிற்று. கடலை விட்டு வந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. கடல் அவரை வேண்டாமென்று சொல்லவில்லையே. விடிந்ததும் பாயைக் கழற்றிச் சுருட்டினார். சோடா மூடிகளை வாளியில் கொட்டினார். கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி வைத்தார்.

“கடையை மூடப்போறன். மல்லாவியில தங்கச்சி வீட்டோட போய் இருக்கிறதுதான் நல்லது.”

“எனக்கு இனி ஆர் அண்ணை தேத்தண்ணி தாறது?” என்ற கனகலிங்கத்தின் குரல் நிசமாகவே உடைந்தது. “அவா போனால் போகட்டும். வேற ஆக்கள் வருவினம்தானே.”

“அவா குடிக்காத தேத்தண்ணியை ஆருக்கெண்டு ஆத்துறது, கனகலிங்கம்?”

வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கனகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி நாளென்று வடையும் வாய்ப்பனும் பழையபடி தட்டில் குவித்தார் யாகப்பு. தெருவைப் பார்த்தபடி அடுப்படியில் நின்றார். கந்தோர் விட்டது. அவள் வந்தாள், எதிர்ப்படி ஏறினாள், ஜன்னலோரம் இருந்தாள். பழக்க தோஷத்தில் அவர் கை ஒரு தேத்தண்ணியை ஆற்றி மேசையில் வைத்தது. சாயம் தூக்கலாக, பால் அளவாக, பனங்கட்டியோடு.

அதற்கு எதிரில் வந்து இருந்தவர் நிறைகுடம் முகாமையாளர் சிற்றம்பலம். நீலச் சட்டை, பையில் பேனை, நெற்றியில் சுருக்கம்.

“கடை விக்கிறதெண்டு கேள்விப்பட்டு வந்தனீங்களோ தம்பி?” என்றார் யாகப்பு.

“இல்லையண்ணை. ஒரு முறைப்பாட்டோட வந்தனான்.”

“பாய் கழட்டியாச்சு. காத்து இனி வரும்.”

“காத்தோ? என்ன காத்து?”

“அந்த மிஸ் சொன்னா...”

“அந்த மிஸ்ஸைப் பற்றித்தான் அண்ணை முறைப்பாடு!” சிற்றம்பலம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “ஒரு பிளேன்ரீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் கதிரையில இருந்தாவெண்டால் இருட்டும்வரைக்கும் எழும்புறேல்லை. பிளேன்ரீயில வாயும் வைக்கிறேல்லை.”

யாகப்புவுக்குத் தன் கவலை மறந்துபோயிற்று. “ஏன், ருசி பிடிக்கேல்லையோ? சாயம் காணாதாக்கும். அவாவுக்குத் தூக்கலா இருக்க வேணும்.”

“குடிச்சுப் பாத்தால்தானே அண்ணை ருசி தெரியும்! நீங்கள் பாட்டுப் போட்ட நாளில, ஆளைக் காணேல்லை, ஆளைக் காணேல்லை எண்டு புறுபுறுத்திட்டு எழும்பிப் போனா. பாயைக் கட்டின நாளில என்ர பெடியளைக் கொண்டு மேசையை மூண்டு இடத்துக்கு மாத்துவிச்சா. இனி மேலிடத்து ஆக்கள் பாக்க வருகினம். ஒரே ஆள் ஒரே கதிரையில இப்பிடி இருந்தால் எனக்கெல்லோ பேச்சு விழும்? பின்னுக்கு நல்ல குளிர்ச்சியான இடம் தாறன் மிஸ் எண்டு கெஞ்சிப் பாத்தன். மாட்டாவாம். அப்ப யாகப்பண்ணை உங்களுக்கெண்டே தனி இடம் கட்டி வச்சிருக்கிறாரே, அங்கை போங்கோவன் எண்டும் சொல்லிப் பாத்தன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

சிற்றம்பலம் கழுத்தைத் திருப்பிக் கிடுகுத் தட்டியைப் பார்த்தார். அதில் தொங்கிய பச்சைக் கோட்டுத் திரையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, முன்னால் ஆவி பறந்த தேத்தண்ணியை யாகப்புவின் பக்கமே மெல்ல நகர்த்திவிட்டுச் சொன்னார்:

“‘இஞ்சை இருந்தால் அவரின்ர முகத்தைப் பாக்கலாம், அங்கை போனால் அவரின்ர சாரத்தையெல்லோ பாத்துக்கொண்டு இருக்க வேணும்’ எண்டு சொல்லுறா அண்ணை.”