அழகர் குரலும் அறுந்த கண்ணாடி இழையும்

பாசமுள்ள மச்சான் செல்லச்சாமி அவர்களுக்கு,

கண்டியிலிருந்து மோகனராஜ் எழுதுவது. நானும் உங்கள் தங்கை பாலாம்பிகையும் மகள் சுபாஜினியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லப் பயந்து கடிதம் போடுகிறேன்.

முந்தாநாள் சனிக்கிழமை வீட்டுக்கு ஃபைபர் இணைப்புப் போட அரூஸ் என்ற தம்பி வந்தார். தலைமயிர் தடிப்பில் ஒரு கண்ணாடி இழை. நுனியில் என்ன தெரிகிறது என்று நான் கண்ணை வைக்க, "ஐயோ அங்கிள், கண்ணு போயிரும்!" என்று பிடுங்கிவிட்டார். இதற்குள் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். "எல்லாம் வெளிச்சமாத்தான் போகும் அங்கிள். போறது ஒரு நிறம், வாறது ஒரு நிறம், டிவி இன்னொரு நிறம். கொழும்புக்குப் போற பெரிய லைன்ல ஒரே இழைக்குள்ள நாப்பது நிறம், ஆயிரக்கணக்கான பேரோட பேச்சு." மதிலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன். "பக்கத்து வீட்டு அழகர் பேச்சுமா?" "அவரோடதும்தான். ஆனா கலக்காது, அந்தப் பக்கம் நிறம் நிறமாப் பிரிச்சி எடுத்துருவாங்க." வடிகான் தகராறில் ஆறு வருஷமாக முகம் பார்க்காத மனிதரோடு ஒரே இழையா!

நேற்றுக் காலை திருகோணமலையிலிருந்து மாப்பிள்ளை யுகேஷ் வீட்டார் வீடியோவில் பெண் பார்த்தார்கள். சுபாஜினி சேலை கட்டிக் கதிரையில் இருக்கிறாள், மாப்பிள்ளையின் அம்மா "பிள்ளை என்ன வேலை செய்யுறா?" என்று கேட்கிறார், அந்த நேரம் பார்த்து லெப்டொப்புக்குள்ளிருந்து அழகரின் குரல்: "பொண்ணு தங்கம். அப்பாதான் கொஞ்சம் ஒரு மாதிரி." "நிறம் கலந்துருச்சி!" என்று கத்தியபடி, குரோட்டன் செடி வெட்டும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கண் முன்னாலேயே ஓடி, இழையை வெட்டிவிட்டேன்.

ஒன்றும் கலக்கவில்லையாம், மச்சான். அழகர் மாப்பிள்ளையின் அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவராம். நமக்காக நல்ல வார்த்தை சொல்லத்தான் பஸ் ஏறித் திருகோணமலைக்கே போய், அவர்கள் வீட்டு சோபாவில், வீடியோவில் படாத மூலையில் இருந்திருக்கிறார்! சுபாஜினி தன் போனில் விசாரித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பாலா பேசுகிறாள், அதை எழுத முடியாது. சம்மதமா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சத்தமில்லை. சம்பந்தம் முறிந்தது, நீங்கள் புறப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படியொரு ஞாயிற்றுக்கிழமை வராதிருக்கக் கதிர்காமத்தானை வேண்டும்,

மோகனராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசினார். "எங்கட பெடியன் எத்தனை இடம் பார்த்தும் வாய் திறக்கேல்ல. நேற்று விழுந்து விழுந்து சிரிச்சவன். இந்தப் பிள்ளையைத்தான் கட்டுவானாம்." சிரிக்கத் தெரிந்தவரென்றால் தனக்கும் சம்மதம் என்கிறாள் சுபாஜினி. தையில் கல்யாணம். மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிட்டு, பதுளையிலிருந்து வர இப்போதே பஸ்ஸுக்கு இடம் பிடியுங்கள்.